உம்மாவின் விரலால் அழித்த படங்கள்

கலியாணப் பெண்ணின் படத்தைக் கணினித் திரையில் திறந்தால் கமறியா முகத்தைப் பார்க்கமாட்டாள். முதலில் உள்ளங்கையைத் தேடுவாள். அங்கே மருதாணி இருக்கும். அது ஊதா கலந்து தெரிந்தால் மண்டபத்துக் குழல் விளக்கு படத்தில் ஏறிவிட்டது; செங்கல் பொடிபோலத் தெரிந்தால் மஞ்சள் பல்பு ஏறிவிட்டது. மருதாணியை அதன் சொந்த நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் முகமும் சேலையும் நகையும் தாமாகவே தம் நிறத்தில் வந்து நிற்கும். இதை அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வருடம் பல பெண்களின் முகத்தைச் சுண்ணாம்பு பூசியதுபோல ஆக்கிவிட்டு, அதன் பிறகு தானாகக் கண்டுகொண்டாள்.

படம் பார்க்க வரும் உம்மாமார் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்.

“கொஞ்சம் வெள்ளையாக்கிவிடு புள்ள.”

“ஆக்கலாம் மாமி. முகம் வெளுத்தா நகையும் வெளுக்கும். தங்கம் பித்தளை மாதிரித் தெரியும். பரவாயில்லையா?”

“வேணாம், வேணாம். அல்லாஹ் தந்த நிறம் இரிக்கட்டும்.”

கமறியா எருக்கலம்பிட்டியில் பிறந்தவள். வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது வயது பதினாறு. படிப்பு அத்தோடு நின்றது. ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனாள். அங்கே கூட வேலை செய்த சிங்களப் பெண்களிடம் அரைகுறைச் சிங்களம் படித்தாள். தன் ஊரவரான நெய்னாரைக் கலியாணம் முடித்தாள். யுத்தம் முடிந்தபின் இருவரும் ஊருக்குப் போய்ப் பார்த்தார்கள். வளவு இருந்தது, வீடு இல்லை, உடைமரம் ஆளுயரத்துக்கு நின்றது. திரும்பி ஆலங்குடாவுக்கே வந்துவிட்டார்கள்.

2010ஆம் ஆண்டு அங்கே பெண்களுக்கென்று மூன்று மாதக் கணினி வகுப்பு ஒன்று நடந்தது. மற்றவர்கள் தட்டச்சுப் பழகினார்கள். கமறியாவுக்குப் படம் திருத்தும் பாடத்தில்தான் மனம் போனது. வகுப்பில் சொன்ன முதல் விதியை அவள் கடைசிவரை மீறவில்லை: கமராவிலிருந்து வந்த படத்தில் கை வைக்கக் கூடாது, அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் படம் கொஞ்சம் தேயும். மூலப்படம் பத்திரமாக இருந்தால் எத்தனை தடவையும் புதிதாகத் தொடங்கலாம்.

அடுத்த வருடம் கற்பிட்டி வீதி ஓரத்தில் கடை போட்டார்கள். முன்பக்கம் நெய்னாருடையது. கடலில் முழங்கால் அடிபட்ட பிறகு அவர் தொழிலுக்குப் போவதில்லை. போட்டோப் பிரதி, தொலைபேசிக்குக் காசு போடுதல், அடையாள அட்டைக்குப் படம் எடுத்தல் என்று உட்கார்ந்திருந்தார். நடுவில் தடித்த பச்சைச் சீலைத் திரை. திரைக்குப் பின்னால் கமறியாவின் மேசையும் கணினியும் பிரிண்டரும்.

அந்தத் திரையில்தான் அவளுடைய தொழிலே தொங்கியது. அந்தப் பக்கத்துக் கலியாணங்களில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பெண்கள் பக்கத்தில் சேலையும் நகையும் விரித்த தலைமுடியுமாக இருக்கும் கொமருப் பெண்களின் படத்தை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது. ஆனால் படம் இல்லாமலும் முடியாது. கமறியா வருவதற்கு முன்பு பெண் வீட்டு ஆண் ஒருவர், நானாவோ சாச்சாவோ, எடுப்பார், யாராவது ஒருத்தி முகத்தைச் சுளிப்பாள், சண்டை வரும். கமறியா தானே எடுத்தாள், தானே திருத்தினாள், தானே அச்சடித்தாள். கடையில் வேறு ஒரு கண் படாது.

இருந்தும் கற்பிட்டியின் பழைய குடும்பங்கள் தயங்கின. “வந்த ஆக்களிட்ட நம்மட பொண்டுகள்ட படத்தைக் குடுக்கிறதா?” என்று கேட்டார்கள். வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் வந்த ஆட்கள்தான்.

அதற்குக் கமறியா ஒரு வழக்கத்தை உண்டாக்கினாள். அல்பம் முடிந்ததும் படங்களைச் சீடியில் போட்டுப் பெண்ணின் உம்மாவிடம் கொடுப்பாள். பிறகு அவரைத் தன் கதிரையில் இருத்தி, அந்தக் கலியாணத்தின் படங்கள் முழுவதையும் திரையில் தெரிவுசெய்து, “நீங்களே அமத்துங்க மாமி” என்பாள். உம்மா தன் விரலால் அழிக்கும் பொத்தானை அமத்துவார். குப்பைத் தொட்டியையும் அவரே காலி செய்வார். கமராவின் கார்டையும் அப்படியே. சிலர் பிஸ்மில்லாஹ் சொல்லி அமத்தினார்கள். ஒருவர் இரண்டு கையாலும் அமத்தினார். அதன் பிறகுதான் ஊர் அவளை நம்பியது.

அந்த நம்பிக்கைக்கு முதல் கதவைத் திறந்தவர் கற்பிட்டி றுக்கியா. வாய் கொஞ்சம் பெரியது. 2012இல் மூத்த மகள் மர்ளியாவின் கலியாணத்துக்குக் கமறியாவைக் கூப்பிட்டவர் அவர்தான். “என்ட மகள்ட படத்தையே குடுத்திரிக்கேன், உங்கட மகள்மார் என்ன சொர்க்கத்து ஹூருல்ஈன்களா?” என்று மற்றவர்களின் வாயை அடைத்ததும் அவர்தான்.

2015 ஓகஸ்டில் றுக்கியாவின் இளைய மகள் ஸம்ஹாவுக்குக் கலியாணம் நடந்தது. படங்கள் திருத்தி முடிந்த நாளில் பிரிண்டரில் சிவப்பு மை தீர்ந்திருந்தது. சனிக்கிழமைதான் வரும் என்றாள் கமறியா.

“அதுவரைக்கும் படம் இஞ்ச கிடக்கிறதா?”

“ஓம் மாமி. திரைக்குள்ளதானே.”

“ஏலாது. சீடியத் தா. என்ட அலுமாரியில வச்சுப் பூட்டுறன். மை வந்தாப் பிறகு கொண்டு வாறன், என்ட கண்ணுக்கு முன்னால அடி. இதில உள்ளத இப்பவே அழி.”

“மாமி, அல்பம் அடிக்காம...”

“கதிரையைத் தா புள்ள.”

கமறியா சீடியை எழுதிக் கொடுத்தாள். நூற்று எண்பது படம் போயிருந்ததை எண்ணிப் பார்த்தாள். றுக்கியா அமர்ந்தார், அமத்தினார், தொட்டியைக் காலி செய்தார், கார்டையும் அழித்தார். சீடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு அதே கைக்குட்டையோடு வந்தார். கமறியா சீடியைப் போட்டாள். திரையில் நூற்று எண்பது வெள்ளைக் கடதாசிகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி.

“என்ன புள்ள, வெள்ளையா இரிக்கு?”

கமறியா ஒன்றைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. அதன் அளவைப் பார்த்தாள். அவளுடைய கமராவில் ஒரு படம் மூன்று மெகாபைட் இருக்கும். இது ஒரு கிலோபைட். எல்லாமே ஒரு கிலோபைட்.

என்ன நடந்தது என்று அப்போதே விளங்கிவிட்டது. அல்பத்தின் வரிசைக்காக அவள் எப்போதும் தனியாக ஒரு கோப்புறை செய்வாள். பழைய கணினியில் இடம் குறைவு என்பதால், அதில் படங்களை வைக்காமல் படங்களுக்கான குறுக்குவழிகளை மட்டும் வைத்துப் பழகியிருந்தாள். குறுக்குவழி என்பது படம் அல்ல. படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் விலாசம். படம் கணினியில் இருக்கும்வரை திறந்து காட்டும். அவசரத்தில் அந்தக் கோப்புறையைச் சீடியில் எழுதிவிட்டாள். எண்ணிக்கையைப் பார்த்தாள். அளவைப் பார்க்கவில்லை. றுக்கியா மூன்று நாள் அலுமாரியில் பூட்டி வைத்தது வெறும் விலாசங்களை.

“மாமி, இதில படம் இல்ல. நான் பிழையா எழுதித் தந்திட்டன்.”

“இல்லையெண்டா? அப்ப எங்க இரிக்கு?”

“ஒரு இடத்திலயும் இல்ல. நாம அழிச்சிட்டமே.”

றுக்கியா திட்டவில்லை. அதுதான் கமறியாவைப் பயப்படுத்தியது. கதிரையில் இருந்து, “அவள் வியாழக்கிழமை கட்டாருக்குப் போறா. அல்பத்தைக் கொண்டு போகோணும் எண்டு பெட்டியில இடம் விட்டு வச்சிரிக்கா” என்று மட்டும் சொன்னார்.

கமறியா பாலாவியில் கணினிக்கடை வைத்திருக்கும் மிஹ்லாருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவளுடைய கணினி அவனிடம் வாங்கியது.

“ராத்தா, முதல்ல அதிலயிருந்து கையை எடுங்க” என்றான் மிஹ்லார். “அழிச்சாப் பிறகு அதில என்ன செஞ்சீங்க?”

“பத்துப் பதினைஞ்சு அடையாள அட்டைப் படம் போட்டன்.”

“இனி ஒண்டும் போட வேணாம். பாட்டும் கேக்க வேணாம். அழிக்கிறது எண்டா வீட்ட இடிக்கிறது இல்ல ராத்தா, வாசல் நம்பரைக் கழட்டுறது. வீடு அங்கேயே நிக்கும். வேற ஆள் வந்து அந்த வளவில கட்டினாத்தான் பழைய வீடு போகும். நீங்க கட்டாம இருங்க.”

மீட்கும் மென்பொருளின் பெயரைச் சொன்னான். அதை அந்தக் கணினியில் இறக்கக் கூடாது, நெய்னாரின் மடிக்கணினியில் இறக்கிப் பென் ட்ரைவில் வைத்து அங்கிருந்து ஓடவிட வேண்டும், மீண்டுவரும் படங்களையும் அந்தக் கணினியின் வன்தட்டில் சேமிக்காமல் வேறொரு தட்டில் சேமிக்க வேண்டும் என்றான். கமறியா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பாங்கு சொன்னது. றுக்கியா வுழூச் செய்துகொண்டு, பின்னால் வீட்டுக்குள் தொழப் போனார். கமறியா தேடவிட்டாள். சிறிது நேரத்தில் திரையில் சிறு கட்டங்களாகப் படங்கள் முளைக்கத் தொடங்கின. ஸம்ஹாவின் கை. ஸம்ஹாவின் கழுத்து மாலை. ஸம்ஹா. பத்துப் பன்னிரண்டு படங்கள் பாதியோடு சாம்பல் நிறமாக நின்றன. அவற்றின் மேல் அடையாள அட்டைப் படங்கள் ஏறிவிட்டிருந்தன. மற்றவை முழுதாக வந்தன. “அல்ஹம்துலில்லாஹ்” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஆனால் தேடல் நிற்கவில்லை. ஸம்ஹாவுக்குக் கீழே வேறொரு பெண் வந்தாள். ஜூலை மாதத்து நுரைச்சோலைக் கலியாணம். அதற்குக் கீழே ஜூன் மாதத்துப் பெண், முடியை அவிழ்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு. அவர்களின் உம்மாமார் அமத்திய அமத்தல் கமறியாவுக்கு நினைவிருந்தது. ஒருவரும் போகவில்லை. எல்லாரும் வாசல் நம்பர் இல்லாமல் அங்கேயே இருந்தார்கள்.

அடுத்து அவளுக்குப் பழைய கணினி நினைவுக்கு வந்தது. இந்தக் கணினி வந்து மூன்று மாதம். அதற்கு முந்திய கணினியின் மின்வழங்கி உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்ததும், அந்தப் பெட்டியைத்தான் மிஹ்லாரிடம் கொடுத்து இதை மாற்றி எடுத்தார் நெய்னார். நான்கு வருடத்துக் கலியாணங்களும் அந்தப் பெட்டியில் நடந்தவை. அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

றுக்கியா தொழுதுவிட்டு வந்தபோது திரையில் ஸம்ஹா மட்டும்தான் இருந்தாள். அல்பம் அச்சாகியது. புதுச் சீடியை மடிக்கணினியில் போட்டு, பத்துப் படங்களைத் திறந்து, அளவையும் பார்த்த பிறகுதான் கமறியா கொடுத்தாள்.

“சரி, கதிரையைத் தா” என்றார் றுக்கியா.

பிஸ்மில்லாஹ் சொல்லி அமத்தினார். கமறியா பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்த அமத்தல் ஒன்றையும் அழிக்காது என்று அப்போது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பின்னேரம் நெய்னாரிடம் சொல்லி, பழைய பெட்டியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றாள். அவர் தாடியைச் சொறிந்தார்.

“போய் என்னெண்டு கேக்கிறது? ‘இதில பொண்டுகள்ட படம் இரிக்கு, பாக்காமத் திருப்பித் தாங்க’ எண்டா, இவ்வளவு நாளும் பாக்காதவனும் பாப்பான்.”

“பொய் சொல்லிக் கேக்கேலுமா?”

“சொல்லலாம். அதில வைரஸ் இரிக்கு எண்டு சொல்லுவம். இல்லாட்டி அது ராசியான பெட்டி, போனதிலயிருந்து எங்களுக்குச் சொகமில்ல எண்டு சொல்லுவம்.”

“உங்களுக்கு எப்பதான் சொகமிருந்த?”

“பாத்தியா, அப்ப அது பொய்யில்ல.”

மறுநாள் இருவரும் பாலாவிக்குப் போனார்கள். மிஹ்லார் முப்பது வயதுக்காரன், கடை நிறையப் பெட்டிகள். பழைய கணினியைத் திருத்திச் சிலாபத்துத் தையல்காரி ஒருவருக்கு விற்றுவிட்டதாகச் சொன்னான்.

“பயப்பட வேணாம் ராத்தா, நான் ஃபோமட் செஞ்சு புது விண்டோஸ் போட்டுத்தான் குடுத்தன்.”

“சுறுக்கா முடிஞ்ச ஃபோமட்டா, நேரம் எடுத்ததா?”

“சுறுக்கா...” என்று தொடங்கியவன் நிறுத்தினான். அவன் முகம் மாறியது. “அதுவும் வாசல் நம்பர்தான். ராத்தா, வல்லாஹி, நான் உள்ளுக்கு ஒண்டும் பாக்கல்ல.”

“தெரியும் தம்பி. நீ பாக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். பாத்திருந்தா நேத்து எனக்கு அந்த மென்பொருளைச் சொல்லித் தந்திருக்கமாட்டாய்.”

அவன் அதே மாதிரியான பெட்டி ஒன்றில் வைத்து ஒரு புதுத் தட்டில் விண்டோஸ் ஏற்றி, சுற்றிக் கொடுத்தான். போய் மாற்றிக்கொண்டு வந்தால் போதும். ஆனால் மாற்ற அந்தத் தையல்காரி சம்மதிக்க வேண்டுமே.

சிலாபத்தில் சந்தைக்குப் பின்னால் இருந்தது தையல்காரி மல்காந்தியின் கடை. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. நெய்னார், “நான் வெளியில நிக்கிறன், பொம்பளைகள்ட கதை” என்று வடைக் கடைப்பக்கம் போய்விட்டார். கமறியாவின் பழைய பெட்டி மூலையில் இருந்தது. அதன் நெற்றியில் அவள் ஒட்டியிருந்த பிறைத் தாள் பாதி உரிந்து கிடந்தது.

பஸ்ஸில் வரும்போது வைரஸ் கதையைச் சிங்களத்தில் மூன்று முறை ஒப்பித்துப் பார்த்திருந்தாள். மல்காந்தியின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. “அக்கே, மே பெட்டி...” என்று தொடங்கித் தடுமாறினாள்.

“தமிழ்லயே சொல்லுங்க நங்கி. இந்த ஊர்ல தமிழ் தெரியாம மீனும் வாங்கேலாது.”

கமறியா உள்ளதைச் சொன்னாள். கலியாணம், பெண்கள் பக்கம், உம்மாமாரின் விரல், அழியாமல் கிடக்கும் படங்கள். மல்காந்தி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினார். எழுந்துபோய்க் கடைக் கதவைப் பாதி சாத்தினார்.

“அனே! நான் இதில ப்ளவுஸ் கழுத்துப் படம் பார்க்கிறதும், பில் அடிக்கிறதும் மட்டுந்தான். இங்க பாருங்க” என்று ஒரு தடித்த அளவுக் கொப்பியைக் காட்டி உடனே மூடினார். “இந்த டவுன்ல எந்தப் பொம்பளைக்கு இடுப்பு எத்தனை இஞ்சு எண்டு எனக்குத்தான் தெரியும். போன வருசத்தை விட எவ்வளவு கூடியிருக்கு எண்டும் தெரியும். என்ட மனுசன் கேட்டாலும் சொல்லமாட்டேன். சொன்னா நாளைக்கு ஒருத்தியும் வரமாட்டா. கழட்டுங்க, கழட்டுங்க.”

திருகாணி கழற்றத் தையல் மெஷினின் திருப்புளியையே கொடுத்தார். கமறியா மல்காந்தியின் கோப்புகளைப் பென் ட்ரைவுக்கு எடுத்து, தட்டை மாற்றி, அவற்றைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். மல்காந்தி தைத்த ப்ளவுஸ்களின் படங்கள் எல்லாம் இருட்டாகவும் பளபளப்பாகவும் இருந்தன.

“ஃப்ளாஷ் போட வேணாம் அக்கே. காலையில வாசல் நிழல்ல வச்சு எடுங்க. பக்கத்தில ஒரு வெள்ளைத் துணித்துண்டு இருக்கட்டும். பிறகு படத்தில அந்தத் துண்டை வெள்ளையாக்கினா, ப்ளவுஸ் நிறம் தன்பாட்டில சரியாகும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

தட்டைத் துப்பட்டிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தாள். வரும் வழியில் நெய்னாருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“முடிஞ்சுது. வீட்ட போய் அதுக்கு மேல எதையாவது போட்டு நிரப்பு. ஒரு குஞ்சுக்கும் தெரியத் தேவையில்ல.”

“றுக்கியா மாமி ரெண்டாந் தரமும் அமத்தினா. நான் பக்கத்தில நிண்டன்.”

“அவவுக்குத் தெரியாதே.”

“எனக்குத் தெரியுமே.”

“அவ சத்தம் போட்டா கற்பிட்டிக் கோட்டைச் சுவர் விழும். நானும் வாறன்” என்றார் நெய்னார்.

வியாழக்கிழமை ஸம்ஹா விமானம் ஏறிய பிறகுதான் றுக்கியாவின் வீட்டுக்குப் போனார்கள். நெய்னார் கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டார். கமறியா எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். றுக்கியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் ரெண்டாந் தரமும் அமத்தேக்க, நீ பாத்துக்கொண்டு நிண்ட?”

“ஓம் மாமி.”

“வாயில என்ன கொழுக்கட்டையா?”

“பயத்தில நிண்டன் மாமி.”

பிறகு வந்தது சத்தம். ஊரில் அவளுக்காகத் தான் யார் யாரோடு சண்டை பிடித்தேன் என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னார். வந்த ஆள், வந்த ஆள் என்று சொன்னவர்களிடம் இனி எந்த முகத்தோடு போவேன் என்று கேட்டார். கமறியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தொழில் போய்விட்டது என்றே நினைத்தாள். மூச்சு வாங்கத்தான் றுக்கியா நிறுத்தினார். மறுபடி பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

“மூணு வருசத்துக்கு முந்தி எடுத்ததும் இரிக்குமா? மர்ளியாடது?”

மர்ளியாவின் கலியாணம் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. தலாக் ஆன அன்று அல்பத்தையும் சீடியையும் அடுப்பில் வைத்தவர் றுக்கியாவேதான்.

மறுநாள் காலை திரைக்குப் பின்னால் றுக்கியா தனியாக வந்து இருந்தார். கமறியா பழைய தட்டைப் பூட்டித் தேடவிட்டாள். மற்றப் பெண்கள் தெரியாதபடி கணினித் திரையின் பாதியைத் துணியால் மூடினாள். மர்ளியா வந்தாள். மருதாணிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, யாரோ சொன்ன பகிடிக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

றுக்கியா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கடைசியில் சந்தேகத்தோடு கேட்டார்.

“அவன் எங்க?”

“பொண்டுகள் பக்கத்துப் படத்தில அவன் எப்பிடி மாமி வருவான்?”

“ஒண்டிலயும் இல்லையா?”

“ஒண்டிலயும் இல்ல.”

“வீணா எரிச்சிட்டனே” என்றார் றுக்கியா. முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அந்தச் சிரிக்கும் படத்தில் பெரிதாக ஒன்று அடிக்கச் சொன்னார். அடித்த தாளைக் காயும்வரை கையில் ஏந்திக்கொண்டிருந்தார். “மத்த ஆக்களுக்கும் சொல்லோணும். நான் சொல்றன். நீ சொன்னா அடிப்பாளுகள்.”

அவர் சொன்னார். அடுத்த கிழமைகளில் உம்மாமார் வந்தார்கள். சிலர் ஏசவென்று வந்தார்கள். சிலர் ஏசிவிட்டு, தங்கள் சீடி கீறுப்பட்டுவிட்டது, வெள்ளத்தில் அல்பம் ஒட்டிக்கொண்டது என்று மெதுவாகச் சொல்லி, மீண்டதை வாங்கிக்கொண்டு போனார்கள். செய்னுலாப்தீன் ஹாஜியார் வீட்டுப் பெண்கள் வரவில்லை. அவளை அதன் பிறகு எந்தக் கலியாணத்துக்கும் அவர்கள் கூப்பிடவும் இல்லை. தெருவில் கண்டால் ஸலாம் சொல்வார்கள், அவ்வளவுதான். கமறியா அதைப் பிழை என்று சொன்னதில்லை.

எல்லாரும் வந்து போன பிறகு பழைய தட்டையும் கடைக் கணினியின் தட்டையும் கமராவின் கார்டையும் நிரப்பும் நாள் வந்தது. இடம் போதாது என்று கணினியே சொல்லும்வரை ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டு, அதை அழித்துவிட வேண்டும். அப்போதுதான் அடியில் கிடப்பவை போகும். எதைப் போடுவது என்று கமறியா யோசித்தாள்.

“என்ட படத்தைப் போடு” என்றார் நெய்னார். “என்னைக் கண்டா எந்தப் பொண்ணும் அந்தப் பக்கம் வரமாட்டா.”

சாரத்தோடு ஒரு பெரிய சீலா மீனைத் தூக்கிக்கொண்டு அவர் நிற்கும் படம் ஒன்று இருந்தது. ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, மீனும் நெய்னாருமாக மூன்றும் நிரம்பின. அழித்துவிட்டு, றுக்கியாவையும் இன்னும் மூன்று உம்மாமாரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் மீட்கும் மென்பொருளை ஓடவிட்டாள். நெய்னார் வந்தார். மறுபடியும் நெய்னார் வந்தார். கீழே கீழே இழுத்தும் நெய்னார்தான்.

“எத்தனை தரம்தான் இந்த மனுசனைப் பாக்கிறது!” என்றார் றுக்கியா. ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே ஓடினார்.

அதன் பிறகு கமறியா கலியாணப் படங்களுக்கென்று கணினியில் ஒரு சின்னப் பகுதியைத் தனியாகப் பிரித்துக்கொண்டாள். சின்ன இடமென்றால் சுறுக்காக நிரம்பும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிந்திய முதல் கலியாணம் திகழியில் நடந்தது. பெண்ணின் உம்மா புதியவர், பழைய கதை ஒன்றும் தெரியாதவர். கதிரையில் இருந்து, விரலைப் பொத்தானில் வைத்தபடி நிமிர்ந்து கேட்டார்.

“இத அமத்தினா எல்லாம் போயிருமா புள்ள?”

“இல்ல மாமி” என்றாள் கமறியா. “அமத்தினதோட போகாது. அதுக்குப் பிறகும் அரை மணித்தியாலம் வேலை இரிக்கு. அமத்திப்போட்டு இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்.”